உம்மு வரகாவின் வீட்டில் நடந்த தொழுகை

(வாணியம்பாடியில் நடந்த மகளிர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

அஸ்ஸலாமு அலைக்கும். என் தாய்மார்களே, ஆபாக்களே, தங்கைகளே! பக்கத்து ஹாலில் ஒலிபெருக்கி வழியாகக் கேட்டுக்கொண்டிருக்கும் ஹஸ்ரத்மார்களே, பள்ளிவாசல்களை நிர்வகிக்கும் முத்தவல்லிகளே!

ஆணும் பெண்ணும் சேர்ந்து தொழும் ஜமாஅத்துக்கு ஒரு பெண் முன்னின்று தொழ வைக்கும் இமாமாக நிற்கலாமா? இதைப் பற்றிப் பேசச் சொன்னவர்கள் கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகள். இதையெல்லாம் மேடையில் கிளப்பாதீர்கள் என்று பெரியவர்கள் சிலர் சொன்னார்கள். பிள்ளைகள் செல்போனில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறார்கள். அவர்களுக்கு நாம் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். 2005 மார்ச் 18 வெள்ளிக்கிழமை, நியூயார்க்கில் ஆமினா வதூத் என்ற பேராசிரியை ஆண்களும் பெண்களும் சேர்ந்து நின்ற ஜும்ஆ என்ற வெள்ளித் தொழுகைக்கு இமாமத் செய்தார், அதற்கான குத்பா உரையும் ஓதினார். பள்ளிவாசல்கள் இடம் தரவில்லை. பேசி வைத்திருந்த ஒரு கலைக்கூடத்துக்கு வெடிகுண்டு மிரட்டல் வந்தது. கடைசியில் ஒரு கிறிஸ்தவ தேவாலய வளாகத்தில் தொழுதார்கள். 2018 ஜனவரி 26 அன்று பக்கத்து மாநிலத்தில், மலப்புறம் மாவட்டம் வண்டூரில், ஜாமிதா என்ற ஆசிரியை ஜும்ஆ தொழ வைத்தார். அவருக்கும் கொலை மிரட்டல்கள் வந்தன.

இவர்கள் எதை ஆதாரமாகக் காட்டுகிறார்கள்? உம்மு வரகா (ரலி) அவர்களின் ஹதீஸை. அபூதாவூத் என்ற நபிமொழித் தொகுப்பில் இருக்கிறது. குர்ஆன் கற்ற மதீனத்துப் பெண்மணி அவர். பத்ருப் போருக்கு நானும் வருகிறேன், காயம்பட்டவர்களைப் பார்த்துக்கொள்கிறேன், அல்லாஹ் எனக்கு ஷஹாதத்தை, வீரமரணத்தைத் தரட்டும் என்று கேட்டார். வீட்டிலேயே இருங்கள், அல்லாஹ் உங்களுக்கு அதைத் தருவான் என்றார்கள் நபி (ஸல்). அன்றிலிருந்து அவரை 'ஷஹீதா' என்றே அழைத்தார்கள். பிறகு உமர் (ரலி) ஆட்சியில் தன் வீட்டு அடிமைகள் கையாலேயே கொல்லப்பட்டார். நபியவர்கள் அவரைத் தேடி அவர் வீட்டுக்குப் போவார்கள். அங்கே பாங்கு சொல்ல ஒருவரை நியமித்து, உம் வீட்டாருக்கு நீரே தொழ வையும் என்று கட்டளையிட்டார்கள். பாங்கு சொன்னவரைப் பார்த்ததாகவும், அவர் வயதான ஆண் என்றும் அறிவிப்பாளர் சொல்கிறார்.

சண்டை தொடங்குவது இங்கேதான். பாங்கு சொன்ன அந்தக் கிழவர் எங்கே தொழுதார்? அந்த அம்மையாருக்குப் பின்னாலா, பாங்கு சொல்லிவிட்டு மஸ்ஜிதுந் நபவிக்குப் போய்விட்டாரா? ஹதீஸில் இல்லை. உம்மு வரகா தம் வீட்டுப் பெண்களுக்குத் தொழ வைக்கட்டும் என்று சொல்லும் இன்னொரு அறிவிப்பும் தாரகுத்னியின் ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. ஹனஃபி, ஷாஃபிஈ, மாலிகி, ஹன்பலி என்ற நாலு மத்ஹபுகளின், அதாவது மார்க்கச் சட்ட வழிகளின், பெரும்பாலான அறிஞர்கள் இதைப் பெண்களுக்கான ஜமாஅத்தாகவோ அவருக்கு மட்டுமான சலுகையாகவோதான் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் ஆண்களுக்கும் பெண் தொழ வைக்கலாம் என்று சொன்ன இமாம்களும் இருந்தார்கள். அபூஸவ்ர், தஃப்ஸீர் எழுதிய தபரீ ஆகிய இருவர் பெயரையும் ஸ்பெயினில் இருந்த குர்துபா நகரின் காஜி இப்னு ருஷ்து தன் மார்க்கச் சட்ட (ஃபிக்ஹு) நூலில் எழுதியே வைத்திருக்கிறார். சிறுபான்மைக் கருத்துத்தான், ஆனால் நியூயார்க்கில் பிறந்த கருத்து இல்லை.

என் நிலையைக் கேட்டால், ஆண்களும் பெண்களும் நிற்கும் ஜும்ஆவுக்கு நான் இமாமாக நிற்க மாட்டேன். இபாதத்தில், வணக்கத்தில், நபியவர்கள் காட்டித் தந்ததற்கு மேல் போக எனக்குத் துணிவு இல்லை. அவர்கள் காலத்தில் மதீனாவின் பள்ளியில் எந்தப் பெண்ணும் ஆண்களுக்குத் தொழ வைத்ததாக ஆதாரம் இல்லை. அதற்காக, அப்படித் தொழ வைத்த ஒருத்தியைக் காஃபிர் என்று சொல்ல என் நாக்கு எழாது. கொலை மிரட்டல் விடுவதற்கு எந்த மத்ஹபில் அனுமதி இருக்கிறது?

கருத்து வேறுபாட்டோடு வாழ நம் மண்ணுக்குத் தெரியும். வேலூர் பாகியாத்துஸ் ஸாலிஹாத் மதரஸாவில் ஹனஃபிகளான நம் பிள்ளைகளும், கேரளத்திலிருந்தும் கடற்கரை ஊர்களிலிருந்தும் வந்த ஷாஃபிஈ பிள்ளைகளும் ஒரே கூரையின் கீழ் ஓதி, எல்லோரும் 'பாகவி' என்ற பட்டத்தோடுதான் ஊர் திரும்பினார்கள். ஒருவர் ஸுன்னத், நபிவழி என்பதை இன்னொருவர் மக்ரூஹ், வெறுக்கத்தக்கது என்பார். இருவரும் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள்.

பெண்களுக்குப் பெண் இமாமத் செய்வதையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆயிஷா (ரலி), உம்மு ஸலமா (ரலி) இருவரும் பெண்களுக்குத் தொழ வைத்தார்கள், முன்னால் போய் நிற்காமல் வரிசையின் நடுவிலேயே நின்றார்கள். ஷாஃபிஈகளுக்கு அது விரும்பத்தக்கது. காயல்பட்டினத்தில் பெண்களுக்கென்றே தைக்காக்கள், தொழுகைக் கூடங்கள், இருக்கின்றன. நம் ஹனஃபி கிதாபுகளில் மக்ரூஹ், ஆனாலும் தொழுகை கூடும். இந்த ஊர்களில் எத்தனை பெண் பிள்ளைகள் மார்க்கம் கற்று ஆலிமா ஆகியிருக்கிறார்கள், குர்ஆனை முழுசாக மனனம் செய்திருக்கிறார்கள்! அவர்கள் ஓதுவது ரமளான் இரவில் பத்துப் பெண்கள் காதில்கூட விழக் கூடாதா? இதை நம் உலமாக்கள் மறுபடி உட்கார்ந்து ஆராய வேண்டும். ஃபத்வா கொடுக்கும் தகுதி எனக்கில்லை. கேட்கும் உரிமை இருக்கிறது.

அப்புறம், எனக்கு உண்மையிலேயே வலிக்கிற விஷயம் ஒன்று. முன்னால் யார் நிற்பது என்று உலகமே சண்டை போடுகிறது. இங்கே எங்களுக்குப் பின்வரிசையே இல்லை. வேலூரில் சி.எம்.சி. ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள தெருக்களில் போய்ப் பாருங்கள். வங்காளத்திலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் நோயாளியோடு வந்து மாதக்கணக்கில் லாட்ஜில் கிடக்கும் முஸ்லிம் பெண்கள் எத்தனை பேர்! லுஹர் நேரத்தில் ஒரு லாட்ஜின் மாடிப்படிக்குக் கீழே, தண்ணீர் கேன்களுக்கும் செருப்புகளுக்கும் நடுவே, துப்பட்டாவை விரித்து ஒரு அம்மா ஸஜ்தா செய்ததை நான் பார்த்தேன். பக்கத்தில் ஸ்கேன் ரிப்போர்ட் இருந்த பை. பாங்கு கேட்கிற தூரத்தில்தான் பள்ளிவாசல். அங்கே பெண்ணுக்கு ஒளுச் செய்ய ஒரு குழாய் கிடையாது.

அல்லாஹ்வின் அடிமைப் பெண்களை அல்லாஹ்வின் பள்ளிகளை விட்டும் தடுக்காதீர்கள் என்பது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ள ஹதீஸ். இதை அறிவித்த இப்னு உமரிடம் (ரலி) அவருடைய மகனே, நாங்கள் தடுப்போம் என்று சொன்னபோது, அதுவரை யாரும் கேட்டிராத கடுமையில் மகனை ஏசினார். நபியின் சொல்லைச் சொல்கிறேன், நீ தடுப்பேன் என்கிறாயா என்று கேட்டார். பெண்கள் இன்று நடந்துகொள்வதைப் பார்த்திருந்தால் நபியே தடுத்திருப்பார்கள் என்று ஆயிஷா (ரலி) சொன்னதும் புகாரியில் இருக்கிறது. மறைக்கவில்லை. நம் பிற்கால உலமாக்கள் அதன்மேல்தான் நின்றார்கள். ஆனால் கடைத்தெருவுக்கும் கல்யாண மண்டபத்துக்கும் ஷூ கம்பெனி வேலைக்கும் போகலாம், பள்ளிவாசலுக்கு மட்டும் போனால் ஃபித்னா, குழப்பம் என்றால், அந்தக் கணக்கு எனக்குப் புரியவில்லை. பெண்கள் பள்ளிவாசலில் தொழத் தடையில்லை என்று முஸ்லிம் தனிநபர் சட்ட வாரியமே 2020இல் உச்ச நீதிமன்றத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறது.

பக்கத்து ஹாலில் இருக்கும் முத்தவல்லிகளிடம் கேட்கிறேன். ஆஸ்பத்திரி பக்கத்திலும், ஆம்பூர், வாணியம்பாடி வழியாகப் போகும் பெங்களூர் நெடுஞ்சாலை ஓரத்திலும் இருக்கும் பள்ளிகளில் முதலில் செய்யுங்கள். தனி வாசல், நாலு குழாய், ஒரு கழிவறை, இமாமின் குரல் கேட்கிற மாதிரி ஒரு ஸ்பீக்கர். இடம் இல்லை என்றால் மாடியில் ஒரு அறை போதும். செலவுக்கு நாங்களும் தருகிறோம். வருகிற ரமளானுக்குள் எந்தெந்தப் பள்ளியில் முடியும் என்று இந்தக் கூட்டம் கலைவதற்கு முன்பே சொல்லுங்கள். தங்கைகள் கேள்விகளைச் சீட்டில் எழுதி அனுப்புங்கள், அஸருக்கு இன்னும் நேரம் இருக்கிறது.