தேயிலை மலையில் இன்னும் ஓடும் ‘ஆயிரத்தில் ஒருவன்’

[திரையில்: கோத்தகிரிச் சரிவில் தேயிலைத் தோட்டம். கொழுந்து பறிக்கும் கைகள்.]

1965 ஜூலையில் வெளிவந்த ‘ஆயிரத்தில் ஒருவன்’ முழுக்க முழுக்கக் கடல் சார்ந்த படம். கப்பலும் கொள்ளையரும் தீவும் வாள்வீச்சுமாக நகரும் அந்தக் கதை, சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் பனியும் குளிருமாக இருக்கும் நீலகிரித் தோட்டங்களில் ஏன் இத்தனை ஆழமாக ஊன்றியது என்பதையே இந்த வீடியோவில் பார்க்கப்போகிறோம். எம்.ஜி.ஆர். என்ற மூன்றெழுத்தே போதுமே என்று சிலர் சொல்லக்கூடும். அவருடைய எத்தனையோ வாள்வீச்சுப் படங்கள் மறந்துபோன பிறகும் இது மட்டும் நிற்பதால், அந்த விடை எனக்குப் போதவில்லை.

[திரையில்: படத்தின் பெயர்ப் பட்டியல்.]

இயக்கமும் தயாரிப்பும் பி.ஆர். பந்துலு. ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’, ‘கப்பலோட்டிய தமிழன்’, ‘கர்ணன்’ என்று சிவாஜி கணேசனை வைத்துப் பெரிய படங்களை எடுத்துவந்த அவர், எம்.ஜி.ஆரோடு சேர்ந்த முதல் படம் இது. எம்.ஜி.ஆரும் ஜெயலலிதாவும் முதன்முதலில் இணைந்ததும் இதில்தான். விஸ்வநாதன் – ராமமூர்த்தி இரட்டையர் பிரிவதற்கு முன் சேர்ந்து இசையமைத்த கடைசிப் படமும் இதுவே. கடல் காட்சிகளுக்காகப் படக்குழு கர்நாடகத்தின் கார்வார் கரைக்குச் சென்றது.

கதையின் வேர் ஹாலிவுட்டில் இருக்கிறது. 1935-இல் எரால் ஃப்ளின் நடித்து வெளிவந்த ‘கேப்டன் பிளட்’டில், காயம்பட்ட கிளர்ச்சிக்காரனுக்கு வைத்தியம் பார்த்த குற்றத்துக்காக ஒரு மருத்துவன் அடிமையாக விற்கப்படுகிறான். பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் அரசியலோடு பின்னிய கதை அது. பந்துலு அந்த வரலாற்றை அப்படியே கழற்றி வைத்துவிட்டு, நெய்தல் நாடு என்ற கற்பனை நாட்டையும், மனோகர் நடித்த சர்வாதிகாரியையும், அடிமைகள் விற்கப்படும் கன்னித் தீவையும் உருவாக்கினார். தமிழகம் ஜனவரியில் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் கொந்தளித்திருந்த ஆண்டு அது. ஜூலையில் கொட்டகைக்குள் உட்கார்ந்தவர்களுக்குச் சர்வாதிகாரி என்றால் யார் என்று எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

[திரையில்: தீவில் அடிமைகள் வேலை செய்யும் காட்சி. ஒலி குறைகிறது.]

படத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. சாகசப் படம் என்றால் கதாநாயகன் மாட்டிக்கொண்ட மறுநிமிடமே விலங்கை உடைத்துக்கொண்டு பாய வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். எம்.ஜி.ஆர். நடித்த மருத்துவன் மணிமாறனோ அப்படிப் பாய்வதில்லை. தன்னோடு விற்கப்பட்ட கூட்டத்தோடு கூட்டமாக நின்று, அவர்களுக்கு நடுவில் ‘ஏன் என்ற கேள்வி’ பாடுகிறான். கொள்ளையர் தீவைத் தாக்கும்போது, எதிர்த்துப் போரிட்டால் விடுதலை என்று தீவின் தலைவன் வாக்குக் கொடுக்கிறான். அடிமைகள் போரிட்டு வெல்கிறார்கள். ஆபத்து நீங்கியதும் வாக்குக் காற்றில் போகிறது. கப்பல் அவர்கள் கைக்கு வருவது அதற்குப் பிறகுதான். ஆகவே அவர்கள் கடலில் இறங்குவதைச் சாகச ஆசை என்று சொல்ல முடியாது. உழைத்தும் ஏமாற்றப்பட்டவர்களுக்கு வேறு போக்கிடம் இல்லை.

இந்தப் பகுதியைத் தோட்டத்து மக்கள் எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். படம் வருவதற்கு ஒன்பது மாதங்களுக்கு முன், 1964 அக்டோபரில், சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்துவந்த மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பது என்று, அந்த மக்களை ஒரு வார்த்தை கேட்காமலேயே இரு அரசுகளும் பங்கிட்டுக்கொண்டன. தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கியவர்களில் ஏராளமானோர் கூடலூர், பந்தலூர், குன்னூர், கோத்தகிரிப் பக்கங்களுக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்கு வேலை கொடுப்பதற்கென்றே அரசு தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. டேன்டீ என்று நாம் சொல்வது அதைத்தான். அதிகாலைப் பெரட்டில், அதாவது வேலைக்கு ஆள் பிரிக்கும் வரிசையில், பெயர் கூப்பிட, மேற்பார்வை பார்க்கும் கங்காணியின் அதட்டலுக்கு நடுவில் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்தவர்களுக்கு, தீவில் பிறருக்காக உழைக்கும் கூட்டம் என்பது கற்பனைக் கதையாகத் தோன்றியிருக்காது. போதாக்குறைக்கு, எம்.ஜி.ஆரே இலங்கையின் தேயிலை நாடான கண்டிச் சீமையில், நாவலப்பிட்டியில் பிறந்தவர்.

பந்துலு தோட்டத் தொழிலாளரை மனத்தில் வைத்துத்தான் படமெடுத்தார் என்று நான் சொல்லவரவில்லை. அதற்குச் சான்று எதுவும் இல்லை. ஆனால், நாடும் காலமும் குறிப்பிடாமல் சொல்லப்பட்ட கதைக்குள் அவரவர் தங்கள் ஊரை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். சாகசப் படங்களில் நீண்ட நாள் நிற்பவை பெரும்பாலும் இப்படித் திறந்து கிடக்கும் கதைகளே.

[திரையில்: கப்பல் தளம். ‘அதோ அந்தப் பறவை போல’ பாடலின் தொடக்க இசை, சில நொடிகள்.]

இந்தப் பாட்டைக் கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை கேளுங்கள். டி.எம். சௌந்தரராஜனின் குரல் முன்னால் நின்றாலும், அதைத் தாங்கிப் பிடிப்பது பின்னால் எழும் ஆண்களின் கூட்டுக்குரல். கண்ணதாசன் பறவையையும் அலையையும் காட்டிவிட்டு உரிமைக்கு வந்து சேர்கிறார். அங்கே கூட்டுக்குரல் சேரும்போது அது தனியொரு நாயகனின் பாட்டாக இல்லாமல் விடுதலையான ஒரு கூட்டத்தின் பாட்டாகிவிடுகிறது. தோட்டத்து மாரியம்மன் திருவிழாக்களில், டி.வி.யும் வீடியோ கேசட் போடும் டெக்கும் வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் போட்ட காலத்தில், கம்பளியைப் போர்த்திக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தவர்கள் சேர்ந்து பாடுவதற்கு இதைவிடத் தோதான பாட்டு ஏது?

குறையே இல்லாத படமா என்றால், இல்லை. நம்பியாரின் கொள்ளைத் தலைவனிடம் சிக்கிய பிறகு கதை கொஞ்சம் அலைபாய்கிறது. காதல் பாடல்கள் இனிமையானவையாக இருந்தாலும் கப்பலின் வேகத்தைக் குறைக்கின்றன. நாகேஷ் வந்து நின்றால் மட்டும் அந்தத் தொய்வு தெரிவதில்லை.

[திரையில்: 2014 மறுவெளியீட்டின் சுவரொட்டி.]

2014 மார்ச்சில் டிஜிட்டல் முறையில் புதுப்பிக்கப்பட்டு மீண்டும் வெளியான இந்தப் படம் சென்னையில் 175 நாள்களைக் கடந்து ஓடியது. பழைய ரசிகர்களின் ஏக்கம் முதல் வாரக் கூட்டத்துக்கு விளக்கமாகலாம். ஏறத்தாழ ஆறு மாத ஓட்டத்தை அது ஒன்றை வைத்தே விளக்கிவிட முடியாது. புதிதாகப் பார்க்கப்போகிறவர்கள் வாள்சண்டைக்காகக் காத்திருந்து தீவுக் காட்சிகளை ஓட்டிவிட வேண்டாம். வாள் எதற்காக உருவப்படுகிறது என்பது அங்கேதான் இருக்கிறது.