நகல் போகும் மெயில்

நேயர்களுக்கு வணக்கம். உங்களுக்கு வரும் மெயிலின் நகல் இன்னொருவருக்கும் தானாகப் போகும்படி நீங்களும் எப்போதாவது வைத்திருப்பீர்கள். லீவு என்றால் உடன் வேலை பார்ப்பவருக்கு, மற்றபடி சொந்த முகவரிக்கு. சர்வரைப் பார்த்துக்கொள்பவருக்கு இது ஒரு வரி வேலை. போஸ்ட்ஃபிக்ஸ் மாதிரி மெயில் சர்வர் மென்பொருளில், இந்த முகவரிக்கு வருவதன் நகல் அந்த முகவரிக்கு என்று பட்டியலில் எழுதினால் முடிந்தது. அந்த ஒரு வரிக்குப் பின்னால் நடப்பதைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

மெயிலுக்கும் தபால் போலவே உறை உண்டு. இதை மட்டும் நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள். திரையில் நீங்கள் பார்க்கும் அனுப்புநர் பெயர் உள்ளே இருக்கும் கடிதத்தில் எழுதியது. உறைமேல் இருக்கும் முகவரி நம் கண்ணில் படுவதில்லை, சர்வர்கள் பார்ப்பது அதைத்தான். நகல் அனுப்பும்போது உறையில் பழைய அனுப்புநரே இருந்துவிட்டால்? உங்கள் வங்கி அனுப்பிய மெயில் என்று வைத்துக்கொள்ளுங்கள். நகல் வங்கியின் பெயரில் வருகிறது, ஆனால் வங்கி அனுமதித்த சர்வரிலிருந்து வரவில்லை. எஸ்பிஎஃப் சோதனை பார்ப்பதே இதைத்தான். அதில் தேறாத நகல் பல சமயம் ஸ்பேமில் விழும், சில சமயம் வாசலிலேயே மறுக்கப்படும். உறையில் நம் சர்வரின் முகவரியை எழுதி அனுப்பும் எஸ்ஆர்எஸ் என்ற முறை வந்தது இதற்காகத்தான்.

இரண்டு அலுவலகங்களில் இருந்த இரண்டு பேரின் கதை இது. முதலாமவர் லீவில் போனார், மெயிலை இரண்டாமவருக்குத் திருப்பிவிட்டார். இரண்டு நாளில் இரண்டாமவருக்கும் லீவு. அவர் முதலாமவருக்குத் திருப்பினார். இருவருமே 'என் பெட்டியிலும் ஒரு நகல் இருக்கட்டும்' என்று டிக் செய்திருந்தார்கள். அப்புறம் என்ன, ஒரே மெயில் அங்கும் இங்கும் சுற்றியது. சுற்றுக்கு ஒரு நகல் இரண்டு பெட்டியிலும் சேர்ந்தது. கடந்துவரும் சர்வர் ஒவ்வொன்றும் மெயிலின் தலையில் 'ரிசீவ்ட்' என்று ஒரு வரி எழுதும். அந்த மெயிலைத் திறந்து பார்த்தபோது அந்த வரிகள் இந்த சர்வர், அந்த சர்வர், மறுபடி இந்த சர்வர் என்று அடுக்கிக்கொண்டே போயிருந்தன. போஸ்ட்ஃபிக்ஸ் வழக்கமாக 50 வரிக்கு மேல் போனால் நிறுத்திவிடும். நிறுத்திவிட்டு 'போய்ச்சேரவில்லை' என்று யாருக்குச் சொல்லும்? உறையில் இருப்பவருக்கு. பாவம், முதன்முதலில் எழுதியவருக்கு! அவருடைய மெயில் முதல் சுற்றிலேயே போய்ச்சேர்ந்துவிட்டது. உறை, உறை என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

மெயில் உண்மையானதுதான் என்று காட்ட அனுப்புபவரின் சர்வர் போடும் டிஜிட்டல் கையொப்பமும் ஒன்று உண்டு, பெயர் டிகேஐஎம். அது உறையைச் சார்ந்ததல்ல, கடிதத்தோடு ஒட்டியது. உள்ளே எதையும் மாற்றாமல் அனுப்பினால் நகலிலும் அது செல்லுபடியாகும். விரிவாகச் சொல்ல ஆசைதான், நிலையத்தார் கைகாட்டுகிறார்கள்.

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். பாஸ்வேர்டைத் திருடியவர்கள் பல சமயம் சத்தமில்லாமல் ஒரு ஃபார்வர்ட் முகவரியைப் போட்டுவிட்டுப் போவார்கள். பாஸ்வேர்டை மாற்றினாலும் அது அங்கேயே இருக்கும், நகலும் போய்க்கொண்டே இருக்கும். இன்றைக்கே மெயில் அமைப்புகளில் ஃபார்வர்டிங் பகுதியையும், அப்படியே ஃபில்டர் விதிகளையும் திறந்து பாருங்கள். தெரியாத முகவரி இருந்தால் உடனே நீக்குங்கள். நன்றி, வணக்கம்.