கவலைக்கு சாக்லேட் மருந்தாகாது

நடுவர் அவர்களே, அவையோரே, எதிரணி நண்பர்களே, வணக்கம்.

மனம் சோர்ந்த நேரத்தில் சாக்லேட் தருவது ஆறுதலா, ஏமாற்றமா? ஏமாற்றமே என்று பேச வந்திருக்கிறேன். சாக்லேட் ருசியானது என்பதில் இரண்டு அணிக்கும் தகராறு இல்லை. அந்த ருசி கவலையைத் தீர்க்குமா என்பதுதான் வழக்கு.

எதிரணித் தலைவர் ரசாயனப் பட்டியலே வாசித்தார். காதல் வந்தால் மூளையில் சுரக்கிற பினைல்எத்திலமைன் சாக்லேட்டில் இருக்கிறது என்றார். இருக்கிறது ஐயா. ஆனால் வாய்வழியாகப் போகும் அந்தப் பொருளைக் குடலிலும் கல்லீரலிலும் இருக்கும் நொதி உடைத்துப் போட்டுவிடுகிறது. மூளைக்குப் போய்ச் சேர அநேகமாக எதுவும் மிஞ்சாது. சாக்லேட்டில் இருக்கும் ட்ரிப்டோபான் என்ற அமினோ அமிலம் (புரதத்தின் ஒரு துண்டு), மனநிலையோடு தொடர்புடைய செரட்டோனினாக மூளையில் மாறும் என்றார். அது மூளைக்குள் நுழைய மற்ற அமினோ அமிலங்களோடு போட்டி போட வேண்டும். சாக்லேட்டில் உள்ள புரதமே அந்தப் போட்டியைக் கூட்டிவிடுகிறது. சரி, காப்பியில் இருக்கும் கஃபீனும், அதற்கு உறவான தியோபுரோமினும் சாக்லேட்டில் இருக்கின்றனவே? கொஞ்சம் விழிப்பு தரும். தூக்கம் கலைந்தவுடன் துக்கமும் கலைந்துவிடுமா?

இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 1994-இல் மிச்செனர், ரோசின் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள், சாக்லேட் ஆசை எழும் நேரத்தில் ஒருமுறை சாதாரண சாக்லேட்டையும், ஒருமுறை வெள்ளை சாக்லேட்டையும், ஒருமுறை கோகோ தூள் அடைத்த மாத்திரையையும், ஒருமுறை கோகோ இல்லாத வெற்று மாத்திரையையும் கொடுத்தார்கள். எதிரணி சொல்லும் ரசாயனங்கள் இருப்பது கோகோ தூளில்தான். அப்படியானால் மாத்திரை ஜெயித்திருக்க வேண்டும். ஜெயிக்கவில்லை! வெற்று மாத்திரைக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. கோகோ தூளே இல்லாத வெள்ளை சாக்லேட் ஆசையை ஓரளவு அடக்கியது. மிக அதிகமாக அடக்கியது வாயில் கரைந்த சாதாரண சாக்லேட்தான். சாக்லேட்டில் உள்ள கொழுப்பான கோகோ வெண்ணெய் நம் உடல் சூட்டைவிடச் சற்றுக் குறைவான சூட்டிலேயே உருகிவிடும். அந்த இனிப்பு, அந்த மணம், நாக்கில் வழுக்கிக்கொண்டு உருகும் அந்தச் சுகம், இவைதான் இன்பம். கரைந்து முடிந்தால் அதுவும் முடிந்தது.

எவ்வளவு நேரத்தில் முடிகிறது? மாக்ட், முல்லர் ஆகியோரின் 2007-ஆம் ஆண்டு ஆய்வில், சோகமான படக்காட்சி பார்த்து மனம் வாடியவர்களுக்கு சாக்லேட் கொடுத்தார்கள். மனம் தேறியது, உண்மைதான். மூன்று நிமிடம் போவதற்குள் அந்தத் தேறுதல் காணாமல் போனது. ருசியில்லாத சாக்லேட் கொடுத்தபோது அந்த மூன்று நிமிடம்கூடக் கிடைக்கவில்லை.

"மூன்று நிமிடமாவது கிடைக்கிறதே" என்று எதிரணிச் சகோதரி கேட்டார். நியாயமான கேள்வி. நான்காவது நிமிடத்தில் என்ன நடக்கிறது என்பதே என் கவலை. கவலை அப்படியே இருக்கிறது. கை அடுத்த துண்டுக்குப் போகிறது. பலருக்கு, ஐயோ, இவ்வளவு தின்றுவிட்டோமே என்ற குற்ற உணர்வும் சேர்ந்துகொள்கிறது. பார்க்கர் என்ற மனநல மருத்துவரும் அவருடைய குழுவினரும் 2006-இல் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். ஆறுதலுக்காகத் தின்னும் சாக்லேட் சோர்வை நீக்குவதைவிட நீட்டிக்கவே வாய்ப்பு அதிகம் என்று எழுதினார்கள்.

அப்புறம், முப்பது நாள் கோகோ குடித்தவர்களுக்கு மன அமைதி கூடியது என்ற 2013-ஆம் ஆண்டு ஆய்வை எதிரணி எடுத்துக் காட்டியது. நல்ல ஆய்வு, நானும் மதிக்கிறேன். ஆனால் அதில் கொடுத்தது பாலிபினால் என்ற கோகோவின் தாவரப் பொருளை அளந்து சேர்த்த பானம். குடித்தவர்கள் ஆரோக்கியமானவர்கள், அதுவும் தினமும் குடித்தார்கள். மனம் உடைந்த இரவில் தனியாக உட்கார்ந்து முழு சாக்லேட் பட்டையையும் தின்று தீர்ப்பவருக்கு அந்த ஆய்வு எப்படிச் சாட்சி சொல்லும்?

சந்தோஷமாக இருக்கும்போது நாலு பேரோடு பகிர்ந்து சாப்பிடுங்கள், நானும் கை நீட்டுவேன். துக்கத்துக்கு மருந்து என்று நீட்டும்போதுதான் தடுக்கிறேன்.

அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர், அழுகிற குழந்தையிடம் சாக்லேட்டைக் கொடுத்தால் அழுகை நிற்கிறதே என்று கேட்கக்கூடும். நிற்கும். ஏன் அழுதது என்று யாரும் கேட்காமலேயே நின்றுவிடும். பெரியவர்கள் நமக்கும் இதேதானே நடக்கிறது? இதை ஆறுதல் என்று எப்படிச் சொல்வது? அவரே வந்து பதில் சொல்லட்டும்.

நன்றி, வணக்கம்.