சின்னச் சொல்லில்தான் சிக்கல்

வணக்கம் நேயர்களே. உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் இந்தக் காட்சி உங்களுக்குப் பழக்கமாக இருக்கும். ஆங்கிலப் பாடத்தைக் கடகடவென்று வாசித்துவிடும். "என்னம்மா சொல்லியிருக்கு?" என்று கேட்டால் தலை குனிந்துவிடும். படிப்பு ஏறவில்லை என்று பிள்ளையைத் திட்டுகிறோம். நான் முதலில் பாடத்தைத்தான் பார்ப்பேன்.

பாடம் கடினமா, எளிதா என்று அளக்க ஒரு சூத்திரம் உண்டு. ருடால்ஃப் ஃப்ளெஷ் என்பவர் 1948இல் வெளியிட்டது. வாக்கியம் நீண்டால் கடினம், சொல்லில் அசை கூடினால் கடினம், அவ்வளவுதான். ஆங்கிலத்திலேயே வளர்ந்தவர்களுக்கு அது சரி. நம் பிள்ளைகளுக்கு?

ஒன்பதாம் வகுப்பில் நான் பாடம் நடத்தியபோது ஒரு மாணவி 'புட் அப் வித்' என்ற இடத்தில் நின்றுவிட்டாள். ஒரு முதியவர் வலியைப் பொறுத்துக்கொண்டார் என்பது கதை. அவள் ஒவ்வொரு சொல்லின் தலையிலும் பென்சிலால் பொடியாக எழுதியிருந்தாள்: வை, மேலே, கூட. தனித்தனியே மூன்றும் சரிதான். "வலியை எதுக்கு மேலே வெச்சார் டீச்சர்?" என்று கேட்டாள். நான் புத்தகத்தை மூடிவிட்டேன். அதே பக்கத்தில் 'ஹாஸ்பிடல்' இருந்தது, 'ஆபரேஷன்' இருந்தது. மூன்று அசை, நான்கு அசை. அவள் பாட்டிக்கே தெரிந்த சொற்கள்! சூத்திரத்தின் கணக்கில் அவைதான் கடினம், புட் அப் வித் எளிது. திரும்பவும் சொல்கிறேன், நீளமான சொல்லில் நம் பிள்ளைகள் அவ்வளவாகத் தடுக்கி விழுவதில்லை. குட்டிச் சொற்கள் கூட்டுச் சேரும் இடத்தில்தான் விழுகிறார்கள்.

1920களில் டாக்காவில் பணியாற்றிய ஆங்கிலக் கல்வியாளர் மைக்கேல் வெஸ்ட், வங்காளப் பிள்ளைகளின் ஆங்கில வாசிப்பு நூல்களில் புதுச் சொற்கள் நெருக்கியடித்து வருவதைக் கவனித்தார். அபூர்வச் சொற்களைக் கழித்தார். புதுச் சொற்களை இடைவெளி விட்டுப் பரப்பி, வந்த சொல் மறுபடி மறுபடி வரும்படி எழுதினார். நூறு வருஷம் ஆகப்போகிறது. இன்றும் ஒரே பத்தியில் பத்துப் புதுச் சொற்களைக் கொட்டுகிறோமே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

சரி, நேரமாகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். ஆசிரியர்களுக்கு ஒன்று மட்டும். பாடம் தொடங்கும் முன் ஒரு பத்தியை எடுத்து, ஐந்து சொல்லுக்கு ஒன்றைக் கோடாக்கி நிரப்பச் சொல்லுங்கள். 1953இல் வில்சன் டெய்லர் என்பவர் சொன்ன வழி. மதிப்பெண் போட வேண்டாம். பாதிக் கோடு காலியாகவே வந்தால், அந்தப் பாடத்தை இரண்டு நாள் தள்ளிவைத்துச் சொற்களைப் பேசிப் பழக்குங்கள். வணக்கம்.