எலிகள் காத்த அரங்கம்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். மணி நடுவர் கைக்கு எட்டும் தூரத்திலேயே இருப்பதால் வாழ்த்துரையை இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

பிரான்சின் தெற்கே ஆர்ல் என்ற ஊரில் ஒரு ரோமானிய அரங்கம் இருக்கிறது. அது இன்றும் நிற்கக் காரணம் பாதுகாத்த அரசாங்கமா, குடியிருந்த ஜனங்களா என்பது தலைப்பு. நான் ஜனங்கள் கட்சி.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் ஆதாரம் ஆதாரமாக அடுக்கினார். 1825இல் அரங்கத்துக்குள் இருந்த வீடுகளை அகற்றத் தொடங்கினார்கள், 1840இல் வரலாற்றுச் சின்னம் ஆக்கினார்கள், 1981இல் யுனெஸ்கோ பட்டியல். எல்லாம் சரிதான். அதோடு உட்கார்ந்திருக்கலாம். போகிற போக்கில் ஒன்றைப் போட்டுவிட்டுப் போனார்: "குடியிருந்தவனெல்லாம் காவல்காரன் என்றால், என் வீட்டுப் பரணில் குடியிருக்கும் எலியும் காவல்காரன்தான்!" நீங்களும் கைதட்டினீர்கள். பச்சைச் சட்டை போட்ட அண்ணன் எழுந்து நின்றே தட்டினார். அண்ணே, இன்றைக்கு உங்களை நான் விடப்போவதில்லை.

எலி. சரி, எலிக்கே வருகிறேன்.

எலி குடையும், கடிக்கும், குட்டி போடும். ஆர்ல் எலிகள் என்ன செய்தன? கி.பி. 90 வாக்கில் கட்டிய அரங்கம் அது. நீளம் 136 மீட்டர், இரண்டு அடுக்கு, அடுக்குக்கு 60 வளைவு. 20 ஆயிரம் பேர் உட்காரலாம். ரோமப் பேரரசு சரிந்தது. எந்த நேரம் எவன் படையெடுத்து வருவான் என்று தெரியாத காலம். ஜனங்கள் பிள்ளைகுட்டியோடு அரங்கத்துக்குள் போனார்கள். வளைவுகளை அடைத்துக் கோட்டைச் சுவர் ஆக்கினார்கள். நான்கு கோபுரம் எழுப்பினார்கள். மூன்று இன்றைக்கும் நிற்கிறது. நண்பரே, உங்கள் பரண் எலி இதுவரை எத்தனை கோபுரம் கட்டியிருக்கிறது?

உள்ளே ஒரு ஊரே முளைத்தது. 200க்கும் மேற்பட்ட வீடுகள், நடுவில் சின்னதாக ஒரு சதுக்கம், சாமி கும்பிட இரண்டு சிற்றாலயம். எலி கோயில் கட்டுமா? பிள்ளையாருக்கு வாகனமாக நிற்கும், ஒத்துக்கொள்கிறேன். கோயில் கட்டியதாகக் கேள்வி இல்லை.

கல்லை உருவவே இல்லையா என்பீர்கள். உருவினார்கள். அந்தக் கல்லிலேயே வீடும் கட்டினார்கள். ஆனால் வளைவைத் தாங்கும் தூண்தான் ஒருவன் வீட்டுக்குப் பின்சுவர், அந்த வளைவின் முதுகுதான் மேல்வீட்டுக்காரனுக்குத் தரை. அதில் கடப்பாரை வைத்தால் மேலே இருப்பவன் சும்மா விடுவானா? வெறும் காவல்காரன் தூங்கிவிடுவான். தலைக்குமேல் கூரை ஆடுகிறது என்றால் குடித்தனக்காரன் தூங்குவானா?

ரோம் நகரத்தின் பழைய அரங்கம் கொலோசியத்தைப் பாருங்கள் என்றும் நண்பர் சொன்னார். பார்த்தேன். 1349 நிலநடுக்கத்தில் அதன் தென்பக்கம் சரிந்தது. அப்புறம் அது கல் எடுக்கும் இடம் ஆனது. போப் ஐந்தாம் நிக்கோலஸ் காலத்தில், ஒரு வருடத்துக்குள்ளேயே 2,500 வண்டிக்கு மேல் கல் போனது. போப் ஆட்சியில் போனது! அரசாங்கம் காத்த லட்சணம்.

அதே கொலோசியத்தில், இவ்வளவு காவலும் கேமராவும் வந்தபிறகு, 2023இல் ஒரு சுற்றுலாப் பயணி ஒரு சாவியை எடுத்தார். சுவரில் தன் பெயரையும் தோழியின் பெயரையும் கீறினார். பக்கத்தில் இருந்தவர் அதை வீடியோ எடுத்து உலகத்துக்கே காட்டிவிட்டார். போலீஸ் ஆளைக் கண்டுபிடித்தது. அவர் மன்னிப்புக் கடிதம் எழுதினார். என்ன எழுதினார் தெரியுமா? அந்தக் கட்டடம் இவ்வளவு பழையது என்று அப்புறம்தான் தெரிந்ததாம்!

பின்வரிசைக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது. கொலோசியம். பழையது என்று. தெரியாதாம்! போன வருடம் கட்ட ஆரம்பித்து, கான்ட்ராக்டர் பாதியில் ஓடிவிட்டார் என்று நினைத்திருப்பார். மேலே ஏன் உடைந்திருக்கிறது? இன்னும் பூச்சு வேலை பாக்கி. அண்ணே, நீங்கள் இப்போது தட்டலாம்.

சாவியைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள், அதற்குத் திரும்பி வருவேன். கொலோசியத்துக்கு வந்தவரிடமும் சாவி இருந்தது, ஆர்ல் குடித்தனக்காரனிடமும் சாவி இருந்தது. இவருக்கு அது கீற உதவியது, அவனுக்குப் பூட்ட உதவியது.

சரி, வீடுகளை அகற்றிய அரசாங்கமாவது அரங்கத்தைக் காலியாக வைத்திருந்ததா? 1830இல் வட ஆப்பிரிக்காவின் அல்ஜியர்ஸ் நகரத்தைப் பிடித்த சந்தோஷத்தில் உள்ளே மாட்டை விட்டார்கள். இன்றைக்கும் விடுகிறார்கள். மாடு என்றதும் முன்வரிசை நிமிர்கிறது பாருங்கள்! பக்கத்து காமார்க் பகுதி மாட்டின் கொம்பில் ரிப்பனும் குஞ்சமும் கட்டியிருக்கும். வெள்ளை உடுப்புப் போட்டவர்கள் ஓடி ஓடி அதைப் பறிப்பார்கள். மாடு உயிரோடு வீடு திரும்பும். ஸ்பானியப் பாணியில் மாட்டைக் கொல்லும் ஆட்டமும் அதே மணலில் நடக்கிறது, அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன்.

முதல் மணி அடித்துவிட்டீர்கள் நடுவரே. ஒரே ஒரு நிமிடம்.

அந்த 1825ஐ நினைத்துப் பாருங்கள். நண்பர் அடுக்கிய பட்டியலில் அதற்கு ஒரு வரி, அவ்வளவுதான். நான் ஒரு பாட்டியைக் கற்பனை செய்கிறேன். அவள் பாட்டிக்குப் பாட்டி பிறந்ததும் அதே வளைவுக்குக் கீழேதான். கல்லில் அடுப்புக் கரி படிந்திருக்கிறது. பேரன்கள் வளர வளரக் கோடு போட்டு உயரம் குறித்த தூண் இருக்கிறது. ஒருநாள் காலையில் ஆட்கள் வருகிறார்கள். அம்மா, நீங்கள் இருப்பது பழைய ரோமானிய அரங்கம், தயவுசெய்து வெளியே வாருங்கள் என்கிறார்கள். அவள் என்ன செய்திருப்பாள்? பாத்திரத்தை எடுத்து வெளியே வைத்திருப்பாள். வாசலைப் பெருக்கியிருப்பாள். இடிக்கப்போகிற வீடுதான், இருந்தாலும் பெருக்கியிருப்பாள். பழக்கத்தில் கதவைப் பூட்டி, ஒருமுறை இழுத்துப் பார்த்திருப்பாள்.

சாவியைக் கேட்க ஒருவரும் வந்திருக்க மாட்டார்கள் நடுவரே. அதை மடியில் முடிந்துகொண்டு, அந்த 60 வளைவில் எதன் வழியாக வெளியே போவது என்று தெரியாமல் நின்றிருப்பாள்.

மணி அடியுங்கள்.