பூவரசன்பட்டியை எந்தப் பக்கம் எழுதுவது?

நடுவர் அவர்களே, ராமநாதபுரத்துக் கடற்கரைச் சொந்தங்களே, வணக்கம். கடலில் முருகைக்கல், அதாவது பவளக்கல், எடுத்த தொழிலால் இந்தக் கரைக்கு லாபமா, நட்டமா என்பது இன்றைய வழக்கு. நட்டமே என்று பேச வந்திருக்கிறேன்.

"அந்தக் கல்லைக் காளவாயில் சுட்டுச் சுண்ணாம்பாக்கித்தான் வீடு கட்டினோம், பல வீட்டில் அடுப்பு எரிந்தது" என்றார் எதிரணி அண்ணன். உண்மைதான். மழை பொய்க்கும் பூமி, கிணற்றில் உப்புத் தண்ணீர். பிழைக்க வழியில்லாமல் கடலில் இறங்கிக் கல் பெயர்த்தவர்களை நான் ஒரு சொல் குறை சொல்ல மாட்டேன். 1964 புயலுக்குப் பிறகும் தனுஷ்கோடியில் நிற்கிறதே தேவாலயச் சுவர், அதில் இருப்பதும் இந்தக் கல்தான்.

சரி, அந்தக் கல்லைக் கட்டியது யார்? கடல்நீரிலிருந்து சுண்ணாம்பை எடுத்துக் கூடு கட்டும் சின்னஞ்சிறு உயிர்கள். உருண்டைப் பவளம் வருஷத்துக்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர்தான் வளரும். ஆள் உயரத்துக்கு வர 150 வருஷம். கடப்பாறைக்கு ஒரு காலைப்பொழுது போதும். பாம்பன் தீவின் வடகரையில் தண்ணீருக்கு மேலே தெரியும் பழைய பாருக்கு, அதாவது பவளப்பாறைத் திட்டுக்கு, சுமார் 4,000 வயது. அதன் முதுகில்தான் ஐயா நாம் குடியிருக்கிறோம்!

"எடுத்தால் திரும்ப வளராதா?" என்றும் கேட்டார். உடைத்த இடத்தில் துண்டுகள் அலையில் உருண்டுகொண்டே இருக்கும், மணல் கலங்கும். குஞ்சுப் பவளம் எதைப் பற்றிக்கொள்ளும்? பாரை நம்பியிருந்த களவாவும் கிளிமீனும் சிங்கி இறாலும் எங்கே ஒதுங்கும்? அவை போனால் வலை வீசும் குடும்பத்துக்கு அடுப்பு எப்படி எரியும்?

அப்புறம் அலை. பார் இருந்தவரை அலை அங்கேயே உடைந்து, தணிந்து கரைக்கு வந்தது. பாரைப் பெயர்த்தபின் நேரே தீவின் மணலை அறுக்கிறது. இங்கிருந்து தூத்துக்குடி வரை மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள். இரண்டு மூழ்கிவிட்டன. ஒன்று நம் கீழக்கரைப் பக்கத்துப் பூவரசன்பட்டி. கடல்மட்டம் உயர்வதும் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் கடலுக்கு முன்னால் நின்ற சுவரைப் பெயர்த்து விற்றது நாம்தானே?

1986இல் கடல்சார் தேசியப் பூங்கா வந்தது. 2001இல் பவளத்தை வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலிக்குப் பக்கத்தில் வைத்தார்கள். அதற்குள் எத்தனை பார் சுண்ணாம்பாகிப் போனது!

லாபக் கணக்கை நீளமாகப் படித்தார் அண்ணன். அந்தக் கணக்கில் பூவரசன்பட்டியை எந்தப் பக்கம் எழுதினார் என்று நீங்களே கேளுங்கள், நடுவர் அவர்களே.