தொட்டால் தெரிகிறதா? காலுக்கு ஒரு சின்ன டெஸ்ட்

வணக்கம். "சுகர் இருக்கிறது, ஆனால் காலில் எரிச்சல் இல்லை, நரம்பு நன்றாகத்தானே இருக்கும்?" இந்தக் கேள்வி எனக்கு அடிக்கடி வருகிறது. அப்படிச் சொல்ல முடியாது. சர்க்கரையால் நரம்பு கெட்டவர்களில் பாதிப் பேர் வரைக்கும் எந்தத் தொந்தரவும் இல்லாமலே இருக்கலாம். எரிச்சல் உள்ளவர் டாக்டரிடம் ஓடிவிடுகிறார். மரத்துப் போனவருக்கோ நடக்கும்போது செருப்பு கழன்றதுகூடத் தெரிவதில்லை.

வீட்டிலேயே செய்யக்கூடிய ஒன்றைக் காட்டுகிறேன். இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகர மருத்துவமனையில் உருவானது, பெயரே இப்ஸ்விச் டச் டெஸ்ட். அப்பா கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருக்கிறார். "அப்பா, கண்ணை மூடிக்கோங்க. தொட்டது தெரிஞ்சா வலதா இடதான்னு சொல்லுங்க." என் ஆள்காட்டி விரலால் அவருடைய வலது கால் கட்டைவிரல் நுனியை... இதோ, இவ்வளவுதான், இறகு பட்ட மாதிரி, 1 அல்லது 2 விநாடி. அப்புறம் வலது சுண்டுவிரல். இடது கட்டைவிரல், இடது சுண்டுவிரல். கடைசியில் வலது நடுவிரல், இடது நடுவிரல். மொத்தம் 6 இடம். அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது. அவர் பேசாமல் இருந்தால் அதே இடத்தை மறுபடி தொடக் கூடாது. பாவம் பார்த்து இரண்டாவது வாய்ப்புக் கொடுக்கத்தான் கை போகும், ஆனால் கொடுக்காதீர்கள். 2 இடமோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் உணர்ச்சி குறைந்திருக்கிறது என்று கணக்கு. டாக்டரைப் பாருங்கள்.

அங்கே 10 கிராம் மோனோஃபிலமென்ட் என்ற நைலான் இழையை, அது வளைகிற வரை பாதத்தில் அழுத்திப் பார்ப்பார்கள். 128 ஹெர்ட்ஸ் டியூனிங் ஃபோர்க்கை, அதாவது தட்டினால் அதிர்கிற உலோகக் கவையைத் தட்டிக் கட்டைவிரல் எலும்பில் வைப்பார்கள். எவ்வளவு அதிர்வில் கால் உணர்கிறது என்று வோல்ட் கணக்கில் காட்டும் பயோதீசியோமீட்டர் கருவி இருக்கிற இடத்தில், 25 வோல்ட்டைத் தாண்டிய பிறகுதான் அதிர்வு தெரிகிறது என்றால் புண் வரும் ஆபத்து அதிகம்.

நரம்பு மின்கடத்தல் டெஸ்ட் எல்லோருக்கும் தேவைப்படாது. அது பெரிய நரம்பிழைகளைத்தான் அளக்கும். எரிச்சல் தருகிற சின்ன இழைகள் கெட்டிருந்தாலும் ரிப்போர்ட் நார்மல் என்றே வரலாம்.

ரொம்ப நாளாக மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரை சாப்பிடுகிறீர்களா? வைட்டமின் பி12 அளவையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அது குறைந்தாலும் கால் இதே மாதிரி மரத்துப் போகும், ஆனால் அதற்குச் சிகிச்சை உண்டு. எல்லாப் பழியையும் சுகர் தலையில் கட்ட வேண்டாம்.

டைப் 2 என்றால் நோய் தெரிந்த உடனேயே, டைப் 1 என்றால் 5 வருடம் ஆனதிலிருந்து, ஆண்டுக்கு ஒரு தடவையாவது டாக்டரிடம் இந்தக் கால் நரம்புப் பரிசோதனை வேண்டும். டாக்டர் சுகர் ரிப்போர்ட்டை மட்டும் பார்த்து மாத்திரை எழுத ஆரம்பித்தால், "சார், காலையும் ஒரு தடவை பார்த்துடுங்க" என்று செருப்பைக் கழற்றிவிடுங்கள்.